'பிரெய்ட்' விளையாட்டின் இளவரசி யார்? அணுகுண்டு என்ற விடை ஏன் போதாது

'பிரெய்ட்' வீடியோ கேம் 2008 ஆகஸ்ட் 6 அன்று எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்காக வெளியானது. வடிவமைத்தவர் அமெரிக்க நிரலாளர் ஜோனதன் ப்ளோ. படங்களை வரைந்தவர் டேவிட் ஹெல்மன். 2024 மே மாதம் இதன் ஆண்டுநிறைவுப் பதிப்பு வந்தது. இப்போது அதை முதல்முறையாக ஆடி முடிப்பவர்களும் 2008இல் ஆடியவர்கள் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: புதிர்கள் புரிந்தன, கதை மட்டும் ஏன் பிடிபடவில்லை?

இணையத்தில் தேடினால் ஒற்றை வரியில் விடை கிடைக்கும். இளவரசி என்பவள் அணுகுண்டு. நாயகன் டிம் அதைச் செய்த விஞ்ஞானி. இந்த விடை தவறில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு விளையாட்டை மறுபடி ஆடினால், விளையாட்டின் பெரும்பகுதி அதற்குள் அடங்க மறுக்கிறது. ஏன் மறுக்கிறது, அதைவிடப் பொருத்தமாக எப்படி வாசிக்கலாம் என்பதைப் பார்ப்போம். முடிவு உட்பட எல்லாம் இங்கே பேசப்படும். ஆடிவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மேலோட்டமான கதை

கோட்டும் டையும் அணிந்த டிம் இளவரசியைத் தேடிப் போகிறான். அவளை ஒரு கொடிய அரக்கன் தூக்கிப்போய்விட்டானாம். ஓடுவது, தாவுவது, சிறு பிராணிகளின் தலையில் குதிப்பது என்று எல்லாமே 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தின் அச்சு. ஒவ்வோர் உலகத்தின் முடிவிலும் ஒரு கோட்டை வரும். இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று அங்கே ஒரு சிறிய டைனோசர் சொல்லும். மாரியோவை ஆடியவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம்.

வேறுபாடு ஒன்றுதான். டிம்மால் காலத்தைப் பின்னோக்கி ஓட்ட முடியும். செத்தாலும் பொத்தானை அழுத்தினால் உயிர் திரும்பும்; இத்தனை முறைதான் என்ற கணக்கு கிடையாது.

ஆட்டம் முதல் உலகத்தில் தொடங்குவதில்லை. டிம்மின் வீட்டுக்குள் நுழைந்தால் 2 முதல் 6 வரை எண்ணிட்ட அறைகள் இருக்கும். ஐந்து உலகங்களிலும் தலா 12 துண்டுகள், ஆக 60 துண்டுகளைச் சேர்த்துப் படங்களைப் பூர்த்தி செய்தால்தான் பரணில் இருக்கும் 1ஆம் உலகத்துக்கு ஏணி முழுமையாகும். தொடக்கம் கடைசியில் வருகிறது.

கதை எங்கே ஒளிந்திருக்கிறது

குழப்பத்துக்கு முதல் காரணம், கதை ஒரே இடத்தில் இல்லாததுதான். மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது:

1. ஒவ்வோர் உலகத்தின் வாசலிலும் மேடைகளின் மேல் இருக்கும் புத்தகங்கள். அருகே போனால் ஒரு பத்தி விரியும்.
2. அந்தந்த உலகத்தில் காலம் நடந்துகொள்ளும் விதம். ஒவ்வொன்றிலும் விதி மாறுகிறது.
3. கடைசிக் கட்டமும் அதன்பின் வரும் பின்னுரை அறைகளும்.

பெரும்பாலான விளக்கங்கள் முதலாவதையும் மூன்றாவதையும் படித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன. என் வாதம் இரண்டாவதில்தான் நிற்கிறது. ஒவ்வோர் உலகத்தின் புத்தகமும் என்ன சொல்கிறதோ, அதையே அந்த உலகத்தின் விதி நம் கையால் செய்யவைக்கிறது.

விதியும் வாசகமும்: உலகம் உலகமாக

2ஆம் உலகம். டிம் தவறு செய்ததால்தான் இளவரசி போனாள் என்கிறது புத்தகம். ஒரு தவறு அல்ல, பல. அவனுக்குத் தெளிவாக நினைவிருப்பது ஒரு காட்சி மட்டும்: அவள் வெடுக்கென்று திரும்பும்போது பின்னல் சடை அவன்மீது சாட்டைபோல் வீசுகிறது. விளையாட்டின் பெயர் அந்தச் சடையைத்தான் குறிக்கிறது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடிந்தால், தவறு அழிந்து பாடம் மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்கும் என்று டிம் ஏங்குகிறான். அந்த ஏக்கம்தான் இந்த உலகத்தின் விதி. விழுந்தால் திருப்பு, செலவில்லை.

3ஆம் உலகம். இங்கே கதை திருகத் தொடங்குகிறது. அரக்கன் தூக்கிப்போனது இருக்கட்டும், டிம்மே அவள் கழுத்தில் முத்தமிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான் என்கிறது புத்தகம். ஒருவரையொருவர் புண்படுத்தாத கச்சிதமான உறவு அவனுக்கு மூச்சுமுட்டியது. அவளுடைய அன்புக்குக்கூட அவ்வப்போது கட்டுப்படாதவனாக இருக்க வேண்டியிருந்தது. அடுத்த நொடி ஆட்டத்துக்குள் போனால், பச்சையாக ஒளிரும் சில பொருள்கள் தென்படும். நாம் காலத்தை எவ்வளவு திருப்பினாலும் அவை மட்டும் திரும்பாது; சாவியைப் பச்சை ஒளி தொட்டால் அது நம் அதிகாரத்துக்கு வெளியே போய்விடும். 'கட்டுப்படாமல் இருத்தல்' புத்தகத்தில் ஒரு மனநிலை, ஆட்டத்தில் ஒரு பௌதிக விதி.

4ஆம் உலகம். பெற்றோர் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறான். போனதும் மறுபடி சிறுபிள்ளையாகிவிட்டதுபோல் உணர்கிறான். தான் படித்த பல்கலைக்கழகத்தின் பக்கம் நடந்தால் அந்த வயதின் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. இடம் மாறினால் காலம் மாறுகிறது. ஆட்டத்திலும் அப்படியே: வலப்பக்கம் நடந்தால் காலம் முன்னே ஓடும், இடப்பக்கம் நடந்தால் பின்னே போகும், நின்றால் நிற்கும். இந்தப் புத்தகத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: இளவரசி இருக்கிறாளானால், இருந்துதான் ஆக வேண்டும், அவள் அவனை மட்டுமல்ல, எல்லோரையும் மாற்றிவிடுவாள். பிரிந்துபோன காதலியைப் பற்றி யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். முதல்முறை ஆடும்போது பெரும்பாலோர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

5ஆம் உலகம். என் கணிப்பில் விளையாட்டின் மையம் இதுதான். அதே முத்தம், அதே பை, அதே வாசல். ஆனால் இம்முறை அவன் விட்டுப்போகும் பெண் இளவரசி அல்ல! இளவரசியைத் தேடுவதற்காகத்தான் அவன் இவளை விட்டுப்போகிறான். அவன் போன பிறகும், போகாமல் இருந்துவிட்டதைப் போலவே அவள் அவனை நேசித்தாள் என்று முடிகிறது பத்தி. ஆட்டத்தில் காலத்தைத் திருப்பினால் நிழல்போன்ற இரண்டாவது டிம் தோன்றி, நாம் அழித்துவிட்ட செயல்களையெல்லாம் செய்து காட்டுவான். நடக்காமல் போன வாழ்க்கை பக்கத்திலேயே நடக்கிறது. அந்த நிழலின் உதவி இல்லாமல் புதிரைத் தீர்க்கவும் முடியாது.

6ஆம் உலகம். டிம் ஒரு மோதிரம் அணிந்திருக்கிறான். அது எச்சரிக்கை விளக்குபோல் ஒளிர்ந்து, அருகில் வருபவர்களைத் தயங்கவைக்கிறது. ஆட்டத்தில் மோதிரத்தைக் கழற்றி வைத்தால் அதைச் சுற்றிய வட்டத்தில் எல்லாம் மந்தமாகும். வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரே காட்சி, இரண்டு பெண்கள்

3ஆம், 5ஆம் உலகங்களின் முரண்தான் வாசகரைத் திணறடிக்கும் முடிச்சு. ஒரே பிரிவு இரண்டு முறை சொல்லப்படுகிறது. ஒன்றில் விட்டுப்போனது இளவரசியை, மற்றதில் இளவரசிக்காக விட்டுப்போனது வேறொருத்தியை. இது எழுத்தாளரின் கவனக்குறைவு அல்ல. டிம்மின் நினைவுகள் குழம்பி, ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டன என்று 2ஆம் உலகமே முன்கூட்டிச் சொல்லிவிட்டது.

ஆகவே 'இளவரசி' ஒரு பதவி. அவன் அப்போதைக்கு எதைத் துரத்துகிறானோ அது அங்கே அமரும். தமிழ் வாசகர்களுக்கு இதில் புதுமை குறைவு. அகப்பாடலில் தலைவிக்குப் பெயர் சூட்டுவதில்லை என்பது நம் மரபு. பெயர் இல்லாததால்தான் அவள் யாராகவும் இருக்க முடிகிறது. ப்ளோவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் பெயரின்மை செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே.

கடைசிக் கட்டம்

1ஆம் உலகத்தில் காலம் இயல்பாகவே பின்னோக்கி ஓடுகிறது. இதை மறந்துவிடும்படி கடைசிக் கட்டத்தை அமைத்திருக்கிறார்கள். கவசம் அணிந்த வீரன் ஒருவன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு கயிற்றில் இறங்குகிறான். அவள் உதவி கேட்டுக் கத்தி, அவன் பிடியிலிருந்து நழுவி ஓடுகிறாள். பின்னால் தீச்சுவர் துரத்துகிறது. அவள் மேல்தளத்தில், டிம் கீழ்த்தளத்தில். அவள் விசைகளை இழுத்து அவனுக்கு வழி திறக்கிறாள், அவன் அவளுக்கு. கடைசியில் அவளுடைய படுக்கையறை வாசலை அடைகிறான். அவள் உறங்குகிறாள்.

அங்கே ஆட்டம் நின்றுவிடும். செய்வதற்கு எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர: இத்தனை நேரம் அழுத்திப் பழகிய அதே பொத்தான். அழுத்தியதும் காட்சி திரும்ப ஓடுகிறது, அதாவது முதல்முறையாக நேராக ஓடுகிறது. டிம் அவள் அறைக்கு வெளியே நின்று எட்டிப்பார்க்கிறான். அவள் விழித்து ஓடுகிறாள். வழி திறந்த விசைகளெல்லாம் உண்மையில் அவன்மீது அவள் ஏவிய தடைகள். வீரன் கயிற்றோடு வந்து நிற்கிறான், அவள் அவனிடம் தாவுகிறாள், இருவரும் மேலே போய்விடுகிறார்கள். கொடிய அரக்கன் யார் என்ற கேள்விக்கு விடை திரையில் தனியாக நிற்கிறது.

அணுகுண்டு வாசிப்புக்கு என்ன ஆதாரம்

இதன்பின் வரும் பின்னுரையில்தான் குண்டு நுழைகிறது. ஆதாரங்கள் வலுவானவை:

1. டிம் ஆப்பிள் விழுவதையும், நூலில் தொங்கும் உலோகக் கோளங்கள் முறுக்கிக்கொள்வதையும் ஆராய்கிறான். முன்னது நியூட்டன், பின்னது ஈர்ப்பு விசையை அளக்கும் முறுக்குத் தராசுச் சோதனை. பிறகு பாலைவனத்தில் ஒரு பதுங்குசுவருக்குப் பின்னால் மண்டியிட்டு, வெல்டர் கண்ணாடியைக் கண்ணருகே பிடித்துக் காத்திருக்கிறான். 1945 ஜூலை 16 அதிகாலையில் நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையான டிரினிட்டியை நேரில் கண்டவர்கள் கண்களைக் காத்துக்கொண்டது இத்தகைய கண்ணாடியால்தான்.

2. அந்தப் பத்தியின் வாசகங்கள் கற்பனையல்ல. காலம் உறைந்தது, உலகம் பிறப்பதைக் கண்டதுபோல் இருந்தது என்ற வர்ணனை, சோதனையை நேரில் கண்ட 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர் வில்லியம் லாரன்ஸ் எழுதியது. "இனி நாம் எல்லோருமே நாய்க்குப் பிறந்தவர்கள்" என்ற வசனம், சோதனையை இயக்கிய இயற்பியலாளர் கென்னத் பெயின்பிரிட்ஜ், குண்டை உருவாக்கிய ஆய்வகத்தின் தலைவர் ஓப்பன்ஹைமரிடம் சொன்னது.

3. ரகசியமாக எட்டு நட்சத்திரங்கள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகிறவரால், கடைசிக் கட்டத்தில் இளவரசி ஓடும் மேல்தளத்துக்கே ஏறி அவளைத் தொட முடியும். தொட்டால் அவள் வெடிக்கிறாள்.

நான்காவதாகச் சிலர் வெளியீட்டுத் தேதியைச் சொல்வார்கள்: ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாள். இதை நான் ஏற்கவில்லை. எக்ஸ்பாக்ஸ் தளத்தில் அந்தக் காலத்தில் புது விளையாட்டுகள் புதன்கிழமைகளில் வெளியாகும். அந்த ஆகஸ்ட் 6 ஒரு புதன்கிழமை. தேதி மைக்ரோசாஃப்ட்டின் வாடிக்கை, குறியீடு அல்ல.

எங்கே இடிக்கிறது

ஒரு வாசிப்பு சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: படைப்பில் எவ்வளவு பகுதி அதன்பின் அர்த்தமுள்ளதாகிறது? குண்டு விடை 4ஆம் உலகத்தின் 'எல்லோரையும் மாற்றிவிடுவாள்' வரியை அழகாக விளக்குகிறது. ஆனால் பெற்றோர் வீட்டு விருந்தை விளக்கவில்லை. மோதிரத்தை விளக்கவில்லை. தாங்கொணாத கச்சிதமான அன்பைப் பற்றிய பத்தியைக் குண்டின்மேல் ஏற்றினால் கேலியாகிவிடும். மாறாக, காதல் முறிவுக் கதை மட்டுமே என்பவர்களுக்குப் பாலைவனம் உதைக்கிறது.

இரண்டு தரப்பும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. இது ஒரு சங்கேதம், சாவி ஒன்று கிடைத்தால் முழுவதும் திறக்கும் என்று நம்புகின்றன. புதிர்களெல்லாம் அப்படித் திறந்த விளையாட்டில் கதையும் அப்படியே திறக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் பின்னுரை அதைச் செய்வதில்லை; ஒரே செயலை வெவ்வேறு அளவுகளில் காட்டுகிறது. ஒருவன் ஒருத்தியைத் துரத்துகிறான். ஒரு விஞ்ஞானி இயற்கையின் ரகசியத்தைத் துரத்துகிறான். ஒரு குழந்தை மிட்டாய்க் கடைக் கண்ணாடியை நோக்கித் திமிறுகிறது. துரத்தப்படுவதற்கு அதில் சம்மதமா என்று எவரும் கேட்கவில்லை. குண்டு அந்த வரிசையில் மிகப் பெரிய உருப்படி, அவ்வளவே.

ஒளிந்து நின்றால் தெரியும் வரிகள்

இதற்கு நேரடிச் சான்று பின்னுரை அறைகளிலேயே இருக்கிறது, பலர் அதைப் பார்க்காமலே வெளியேறுகிறார்கள். புத்தகம் விரிந்த பிறகு, அதே அறையில் முன்னால் நிற்கும் ஏதோ ஒரு பொருளின் பின்னால் டிம்மை முழுமையாக மறைத்து நிறுத்தினால் வாசகம் மாறிவிடும். அவன் நம் பார்வையிலிருந்து மறைந்ததும் அவள் பேசத் தொடங்குகிறாள்.

முதல் அறையில், நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதி நெரிசலில் அவளைப் பாதுகாக்கத் தோளில் கைபோட்டு ரயில் நிலையத்துக்கு அழைத்துப்போகிறான் டிம். அவன் மறைந்ததும்: அந்தக் கை அவள் கழுத்தை இறுக்குகிறது, இழுக்காதே, வலிக்கிறது என்கிறாள். அணுகுண்டுத் திட்டத்தின் பெயரும் மன்ஹாட்டன்தான் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. சோதனை நடக்கும் பத்தியில் அவன் மறைந்தால், கோபமாக எழுந்து நிற்கும் ஒருத்தி, தன்னைக் கலைத்தது யார் என்று கேட்கிறாள். உலகத்தின் சாவோடு இவன் ஏன் இத்தனை நெருக்கமாக விளையாடுகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

மிட்டாய்க் கடை அறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவன் தரப்பில், ஏதோ ஒருத்தி அவனைப் பலமாகப் பிடித்து இழுக்கிறாள். விடுபட வன்முறையைக்கூட யோசிக்கிறான். ஒளிந்து நின்றால், அவள் தாய். அவன் சின்னஞ்சிறுவன், அவளை நிறுத்துவதற்காக அவள் பின்னலைப் பிடித்து இழுக்கிறான். கண்ணாடிக்குப் பின்னால் சாக்லெட்டோடு ஒற்றைக் காந்தமுனையும் இருக்கிறது: வடக்கு மட்டும் அல்லது தெற்கு மட்டும் உள்ள துகள். கோட்பாட்டில் உண்டு, இதுவரை யாரும் கண்டதில்லை. பெரியவனானதும் பார்க்கலாம் என்று சொல்லித் தாய் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். தலைப்பில் உள்ள சடை காதலியுடையது என்று நினைத்திருந்தவர்கள் இந்த இடத்தில் 2ஆம் உலகத்துக்குத் திரும்பிப்போய் முதல் பத்தியைப் படிக்க வேண்டியிருக்கும்.

நட்சத்திரங்கள் யாரைச் சோதிக்கின்றன

எட்டு நட்சத்திரங்களைப் பற்றி விளையாட்டு ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒன்றைப் பெற, மிக மெதுவாக நகரும் மேகத்துக்காக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இன்னொன்றை, குறிப்பிட்ட படத்தைச் சேர்த்து முடித்துவிட்டால் எடுக்கவே முடியாது. ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலத்தைத் திருப்பும் விளையாட்டில் திருப்ப முடியாத ஒரே பிழை அது! எல்லாம் சேர்ந்ததும் வானத்தில் ஆந்த்ரோமெடா விண்மீன் கூட்டம் பூர்த்தியாகும். கிரேக்கப் புராணத்தில் அவள் பாறையில் சங்கிலியால் கட்டப்பட்ட இளவரசி.

இவ்வளவையும் செய்யும் ஆட்டக்காரர் யார்? யாரும் சொல்லாமலேயே, இருப்பதாகத் தெரியாத ஒன்றை விடாப்பிடியாகத் தேடி, கடைசியில் அவளைத் தொட்டு வெடிக்கவைப்பவர். டிம் செய்ததை டிம்மைவிடத் தீவிரமாகச் செய்பவர்.

ஒரு நியாயமான குறை

புத்தகப் பத்திகள் கனமான நடையில், தேவைக்கு மேல் கவித்துவமாக எழுதப்பட்டவை என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அதில் உண்மை உண்டு. மேலும், அவற்றைத் தாண்டி ஓடிவிட்டாலும் 60 துண்டுகளையும் சேர்த்துவிடலாம். அமெரிக்க ராப் பாடகர் சோல்ஜா பாய் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசிய ஒரு வீடியோ அப்போது பிரபலம். இதற்கு நோக்கமே இல்லை என்று சொல்லி, குதித்துக் குதித்துக் காலத்தைத் திருப்பி நண்பர்களோடு விழுந்து விழுந்து சிரிப்பார். ப்ளோவுக்கு அது வருத்தம் தந்தது என்று ஓர் ஆவணப்படம் காட்டியது. கதையின் பொருள் இன்னதுதான் என்று இறுதியாகச் சொல்லவும் அவர் மறுத்துவந்திருக்கிறார்.

புத்தகங்களுக்கு அந்தக் குறை பொருந்தும். கடைசிக் கட்டத்துக்குப் பொருந்தாது. அங்கே படிக்கப் பத்தி எதுவும் இல்லை, ஒன்றிரண்டு கூச்சல்கள் மட்டும். ஒரு வரிகூடப் படிக்காமல் அதுவரை ஓடிவந்தவருக்கும், பொத்தானை அழுத்திய அடுத்த நொடியில் அவள் யாரிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்துவிடும்.